மேல்வீட்டு அண்ணையும் உப்பும்

கனடாவில், மொன்றியலில் எங்கள் மேல்வீட்டில் இருந்த அண்ணை தனியாள். வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். பனிக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் அவருக்குப் புட்டும் மீன்குழம்பும் சொப்பிங் பையில் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் படியில் கண்டால் சப்புக்கொட்டுவார்.

"நல்ல ருசி தங்கச்சி. உப்புத்தான் கொஞ்சம் கூட."

நானும் கிழமைக்குக் கிழமை உப்பைக் குறைத்தேன். என் மனுசன் சாப்பாட்டில் முகம் சுளித்தார்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவைத் துப்புரவாக்கப் போனேன். அண்ணையின் பல்கனிக்கு நேர் கீழே என் பைகள் அத்தனையும் கிடந்தன. நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை.

மேலிருந்து எட்டிப் பார்த்தவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேண்டாம் என்றிருந்தால் விட்டிருப்பேன். வாயில் வைக்காத குழம்புக்கு உப்புக் கூட என்று சொல்ல அந்த மனுசனுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ!