டிக் செய்யாத கொத்தவரங்காய்

மயிலாப்பூர் மாடவீதிக் காய்கறிக்கடையில் சனிக்கிழமைதோறும் அவரைப் பார்ப்பேன். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. செல்போனில் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டுக் கால் கிலோ கொத்தவரங்காய் மட்டும் வாங்குவார். மற்ற காய்களெல்லாம் அதில் எப்போதோ டிக் செய்யப்பட்டிருந்தன.

ஒருநாள், "வாங்கினதும் இங்க டிக் பண்ணணும் சார்" என்று விரலை நீட்டினேன். போனைச் சட்டென்று மார்போடு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. இதையும் பண்ணிட்டா லிஸ்ட்டே அழிஞ்சிடும். என் ஒய்ஃப் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலைல போட்டது. அப்புறம் அவ வீட்டுக்கு வரலை."

"கொத்தவரங்காய் உங்களுக்குப் பிடிக்குமா சார்?"

"எனக்கு ஆகவே ஆகாது. ஆனா எழுதியிருக்காளே."

என் விரல் அந்தத் திரைக்கு எவ்வளவு அருகில் போயிருந்தது என்று நினைத்தால், இன்றும் கையை மடக்கிக்கொள்கிறேன்.