இருநூறு கோழிக்குஞ்சும் ஒரு குறடும்

கோழிக்குஞ்சின் இறக்கையில் நம்பர் குத்துவதும் ஒரு உத்தியோகம்தான்; நம்பாதவர்கள் என் இடது கைச் சுண்டுவிரலைப் பார்க்கலாம். "என்ன வேலை பார்க்கிறே?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெயில் அதிகமா இருக்கு இல்லே?" என்று பேச்சை மாற்றியவர்கள் உங்களில் எத்தனை பேர்? வாருங்கள், நீங்களெல்லாம் என் கட்சி.

எண்பதுகளில், சேலத்துக்குப் பக்கத்து மலையில், அரசாங்கக் கோழி வளர்ப்புத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த தற்காலிக வேலை இது. மாரமங்கலத்தில் பத்து வீடு, கொட்டச்சேட்டில் பத்து வீடு. வீட்டுக்குப் பத்துக் குஞ்சு இலவசம். குஞ்சின் இறக்கையை விரித்தால் முன்பக்கம் மெல்லிசாக ஒரு தோல் தெரியும். அதில் நம்பர் அடித்த அலுமினியத் தகட்டை நுழைத்துக் குறடால் மடக்க வேண்டும். எந்த நம்பர் எந்த வீட்டில் என்று நோட்டில் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சேலத்திலிருந்து அதிகாரி வந்து இறக்கையை விரித்து எண்ணுவார். இரண்டு ஊரிலும் பாதிக்குப் பாதியாவது உயிரோடு இருந்தால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சேலத்துக்குத் திரும்பி, அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆயுசுக்கும் நூல் சுற்ற வேண்டியதுதான். பத்து வயசிலிருந்து சுற்றினவள் நான். போதும்டா சாமி என்றுதான் மலையேறினேன்.

ஒன்றாம் நம்பர்

முதல் நாள், மாரமங்கலம். முதல் வீடு வெள்ளையம்மா அக்காவுடையது. வாசலில் ஊரே கூடிவிட்டது. நான் பெரிய டாக்டர் மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு, குஞ்சை இடது கையில் பிடித்து, தகட்டை வைத்துக் குறடை அழுத்தினேன். குஞ்சு "கீச்" என்று கத்தும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கத்தியது நான். குஞ்சு பாட்டுக்குக் கீழே இறங்கி அரிசி நொய்யைக் கொத்தப் போய்விட்டது. தகடு என் சுண்டுவிரல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. வெள்ளையம்மா அக்கா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, என் நோட்டை எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணாம் நம்பரு உங்களுக்கே போயிருச்சுங்க அம்மிணி, கோழிக்கு ரெண்டுல இருந்து ஆரம்பிங்க."

மடி வேண்டும்

ரெண்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால் அதற்கும் தடை. குறடை எடுத்ததும் வெள்ளையம்மா அக்கா குறுக்கே கையை நீட்டினார். "சும்மா எப்பிடிங்க குத்தறது? தாய்மாமன் மடியில வெச்சுத்தானுங்களே குத்தோணும்?"

காது குத்துக்கும் இதற்கும் என்னக்கா சம்பந்தம் என்றேன். கேட்டால்தானே! எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "அக்கா, இது மிசின்ல பொரிச்ச குஞ்சு. இதுக்குத் தாயே கிடையாது, தாய்மாமனுக்கு நான் எங்கே போவேன்?" என்று கத்தினேன். "தாயில்லாத புள்ளைக்குத்தானுங்க அம்மிணி தாய்மாமன் முக்கியம்" என்றார்.

மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்த அவர் தம்பியை ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள். கிழக்கே பார்க்க உட்கார வைத்து, பத்துக் குஞ்சையும் ஒவ்வொன்றாக அவர் மடியில் வைத்தேன். உண்மையைச் சொன்னால் வேலை சுலபமாகத்தான் இருந்தது. பிடித்துக்கொள்ள ஆள் கிடைத்ததில் என் விரல் தப்பித்தது. அவர் வேட்டிதான் தப்பிக்கவில்லை. பத்தும் முடிந்ததும் மனிதர் பாவம், வேட்டியை உதறிக்கொண்டே அக்காவிடம் கேட்டார்:

"பத்துப் பேருக்கும் சீரு நான் ஒருத்தனேவா செய்யோணும்?"

தகடு மீதி

மறுநாள் கொட்டச்சேடு. வெள்ளையம்மா அக்காவின் தங்கை சின்னப்பொண்ணு அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். நம்பர் எதற்கு என்று கேட்டார். கோழி எங்கே சுற்றினாலும் யார் வீட்டுக் கோழி என்று தெரிந்துவிடும், நம்பரை மட்டும் தொலைத்துவிடாதீர்கள் என்றேன். யோசித்தார். உள்ளே திரும்பி, கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"மீதி இருந்தா எங்கூட்டுக்காரருக்கும் ஒண்ணு குத்தி உடுங்க கண்ணு, பொழுதானா எங்க போறாருன்னே தெரியறதில்ல."

சாமிக்குச் சான்றிதழ்

நாலு மாதம் நல்லபடியாகப் போனது. ஒரு நாள் மாரமங்கலத்துக்காரர் ஒருவர், கையில் சேவலோடு நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் நிற்கிறார். மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவலாம். பூசாரி இறக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்பர் போட்டிருக்குது, இது கவர்மெண்டு கோழி, கவர்மெண்டு சொத்தைச் சாமிக்குக் குடுத்தா நாளைக்குக் கேஸாயிரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

என் கணக்கில் ஒரு கோழி குறைகிறதே என்று வயிறு எரிந்தது. ஆனால் முனியப்பனிடம் மல்லுக்கு நிற்க நான் யார்? "மேற்படி சேவல் மீது அரசுக்கு எவ்வித உரிமையும் இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் சீலையும் குத்திக் கொடுத்தேன். மறுநாள் கோயில் பக்கம் போனேன். பூசாரி அந்தத் தாளைச் சாமிக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் தாளும் கையுமாக எழுந்து வந்தார்:

"எல்லாம் சரிங்க, சீலு தெளிவா உழுகல, சாமி கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

பத்திரமாக இருக்கிறது

அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, இரண்டு மாதமாக எட்டிப் பார்க்காத கொட்டச்சேட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஒரு கோழி இல்லை. ஒரு இறகு கூட இல்லை. "கோழி எல்லாம் எங்கேக்கா?" என்றதும் சின்னப்பொண்ணு அக்கா சிரித்த முகமாக என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனார். ஆணியில் ஒரு நூல். நூலில் பத்துத் தகடு, வரிசை நம்பர் பிசகாமல், புளி போட்டு விளக்கிப் பளபளவென்று கோர்த்து மாட்டியிருந்தது. பொங்கலுக்கு இரண்டு, சம்பந்தி வந்தபோது நாலு, மழையில் உடம்புக்கு முடியாமல் இரண்டு, சும்மா ஆசைக்கு இரண்டு. மற்ற ஒன்பது வீட்டிலும் இதே கதைதான், நூலின் நிறம்தான் வேறு.

நான் போட்ட சத்தத்தில் காப்பித் தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். "சொன்னேனே, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதுவிட்டேன். வேலை போய்விடும், மறுபடி அந்தத் தறிக்கொட்டகைக்குள் போய் உட்கார வேண்டும், என்னால் முடியாதுக்கா என்று வெட்கமில்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னப்பொண்ணு அக்கா மட்டும் நிஜமாகவே புரியாமல் கேட்டார்:

"நீங்க நம்பரத் தொலைச்சறாதீங்கன்னு தானுங்களே கண்ணு சொன்னீங்க, கோழியத் திங்காதீங்கன்னு எப்பச் சொன்னீங்க?"

ஐம்பத்தேழு

அதிகாரி ஜீப்பில் வந்தார். காலையில் மாரமங்கலம். அங்கே நூறில் எண்பது கோழி இருந்தது. வெள்ளையம்மா அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு செவலைப் பெட்டையை அதிகாரியே பிடித்து, இறக்கையை விரித்து, "ஐம்பத்தேழு" என்று படித்தார். அது அவர் கட்டைவிரலை நறுக்கென்று கொத்தியது. எனக்கு அதெல்லாம் மனசில் நிற்கவில்லை. அடுத்தது கொட்டச்சேடு. அங்கே நூறு தகடும் பத்து நூலும்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு எஸ்டேட்டில் அதிகாரிக்குச் சாப்பாடு. அது முடிந்து கிளம்ப மணி மூன்று.

கொட்டச்சேட்டில் ஜீப்பை விட்டு இறங்கினால், அடக் கடவுளே, முற்றமெல்லாம் கோழி! வாட்டசாட்டமான கோழிகள், கொஞ்சம் கிறுகிறுப்போடு, தலையை ஆட்டிக்கொண்டு நடக்கின்றன. சின்னப்பொண்ணு அக்கா காலிக் கூடைகளுக்கு முன்னால் புடவையை விரித்து நிற்கிறார். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். குனிந்து ஒரு செவலையைப் பிடித்தார். அது அவருடைய அதே கட்டைவிரலைக் கொத்தியது. இறக்கையை விரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐம்பத்தேழு.

"ஏம்மா, நாம ஜீப்புல வந்தோம். இது எதுல வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். சின்னப்பொண்ணு அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "ஒண்ணரை மணி பஸ்ஸுல வந்துச்சுங்க" என்றார்.

போச்சு, எல்லாம் போச்சு. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "சார், இந்த ஊர்ல ஒரு கோழி கூட இல்லைங்க. எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்க. இவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்குங்க" என்றேன். அதிகாரி பேனாவைத் திறந்தார். கொட்டச்சேடு என்ற இடத்துக்கு நேராகப் பெரிதாக ஒரு சைபர் போட்டார். என் பெயருக்கு நேராக எழுதப் போகும்போது சின்னப்பொண்ணு அக்கா கூடையைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க சார், இந்தப் புள்ள குத்துன நம்பரு இல்லீனா நாங்க ஏமாத்துனது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா? அப்பறம் அது வேலையச் சுத்தமாச் செய்யலீன்னு எப்பிடிங்க எழுதுவீங்க?"

அதிகாரி கொத்துப்பட்ட கட்டைவிரலைப் பார்த்தார், என் பெயருக்கு நேராக "திருப்தி, நிரந்தரம் செய்யலாம்" என்று எழுதினார். ஆக, கையும் களவுமாகப் பிடிபட்டதற்காகவே நிரந்தர உத்தியோகம் வாங்கிய ஆள் அந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.