திரி அணைக்கிற வியாழக்கிழமை

மணியடிப்பது மட்டும்தான் கோயில் பிள்ளையின் வேலை என்று நினைக்கிறவர்கள், ஒரே ஒரு மாதம் இந்தச் சாவிக்கொத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். சாமியாரிடம் கேட்கப் பயந்த கேள்வியெல்லாம் நம் தலையில்தான் வந்து விழும். சாந்தோம் பக்கம் கடலைப் பார்த்த ஒரு சின்ன மாதா கோயிலில் இருக்கிறேன். எந்தக் கோயிலிலாவது கதவு திறந்து மூடுகிறவராக நீங்கள் இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

தகரக் குல்லா

ஈஸ்டருக்கு ஏற்றிய பெரிய மெழுகுதிரி பீடத்துக்குப் பக்கத்தில் நாற்பது நாள் நிற்கும். ஆண்டவர் மோட்சத்துக்கு ஏறிப்போன வியாழக்கிழமை, பூசையில் சுவிசேஷம் வாசித்து முடிந்ததும் அதை அணைக்க வேண்டும். கண்ணுக்கு மறைந்துவிட்டார் என்று அர்த்தம். நீளக் கழியில் மாட்டிய தகரக் குல்லாவால் அணைக்கிற புண்ணியவான் நான்.

யுத்தம் இன்னும் நம் பக்கம் வராத நாற்பத்தொன்றாம் வருஷம் அது. பூசை முடிந்து நொச்சிக்குப்பத்துப் பிலோமினாள் என்னை வழிமறித்தாள். மீன் விற்கிறவள், குரல் பட்டினப்பாக்கம் வரை கேட்கும். பக்கத்தில் அவள் புருஷன் அந்தோணி சிரித்துக்கொண்டு நின்றான். ரங்கூன் கப்பலில் கலாசி வேலை கிடைத்து, மறுவாரம் புறப்பட இருந்தான்.

"மேல போறவருக்கு வழி தெரிய வேணாவாண்ணே? கெளம்புற நேரத்துல இன்னாத்துக்கு வெளக்க அணைக்கிற?"

கறுப்புத் திரை

அடுத்த வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. ரங்கூன் விழுந்துவிட்டது. அந்தோணியிடமிருந்து ஒரு வரி இல்லை. கோயில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு வர, ஜன்னல்களுக்குத் திரை தைக்க மயிலாப்பூரிலிருந்து காதர் பாய் வந்தார். ஓடிப்போகாமல் மிஞ்சிய தையல்காரர் அவர் ஒருவர்தான்.

நான் அணைத்த திரியைப் பெட்டியில் வைப்பதைப் பார்த்து விவரம் கேட்டார். ஏறிப்போனவர் ஒரு நாள் திரும்பி வருவார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்தார்.

"ஈசா நபி, அதான் உங்க ஏசு, திரும்பி வருவாருன்னு எங்க பெரியவங்களும் சொல்லிக்கீறாங்க. திரைய ஆணி அடிக்காம கொக்கி வெச்சித் தெச்சிக்கீறேன், வர்ற அன்னிக்கு சட்டுனு கயட்டிடலாம்."

வெள்ளிக்கிழமைப் பூசை

அதற்கடுத்த வருஷம் அந்தோணியின் அண்ணன் சவேரி, தம்பிக்கு இறந்தோர் பூசை வைக்கச் சாமியாரிடம் சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை, தம்பி ஆத்மா அல்லாடக் கூடாதே என்று அழுதான். திரி அணைக்கிற வியாழனுக்கு மறுநாள் பூசை. பிரேதம் இல்லாவிட்டால் வெறும் பெட்டியை வைத்துக் கறுப்புத் துணி மூடுவது எங்கள் வழக்கம். அந்தப் பூசை நடந்துவிட்டால் பிலோமினாள் ஊரறிய விதவை. அவளிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை.

வியாழனன்று திரியை அணைத்தேன். போனவர் போனபடியே வருவார் என்று தேவதூதர்களான சம்மனசுகள் சொன்னதைச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். பூசை முடிந்ததும் மனசு கேட்காமல் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நேரே சாமியாரிடம் போனாள். கத்துவாள் என்று பயந்து பின்னால் ஓடினேன். கத்தாமல் கேட்டாள்.

"சாமி, மேல போனவரு வருவாருன்னு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருசமா காத்துக்கினு கீறீங்க. எங்க ஊட்டுக்காரரு போய் ரெண்டு வருசம்தான் ஆவுது. அதுக்குள்ள இன்னா சாமி அவசரம்?"

 சாமியார் என் பக்கம் திரும்பினார்.

"சவேரிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அந்தக் கறுப்புத் துணிய மடிச்சி உள்ள வை. நாளைக்கு எனக்கு வெள்ளைப் பூசை உடுப்பு எடு, கடல் தாண்டிப் போனவங்க திரும்பி வர்றதுக்குப் பூசை."

அந்தோணி வந்தானா என்று இன்றைக்கும் கேட்கிறவர்களிடம், வருகிறவர்கள் பட்டியல் மணியடிக்கிறவனிடம் கிடையாது என்று சொல்லிவிட்டு, அடுத்த ஈஸ்டருக்குத் தீப்பெட்டி வாங்கக் கிளம்பிவிடுவேன்.