ஐஸ் பெட்டிக்குள் ஒரு முனை

பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை நான் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. நாற்பதைத் தாண்டி எம்.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்தவள் எதையும் லேசில் நம்பமாட்டாள். ஒரு கம்பி. அதில் சூடு. அந்தச் சூடு இடத்துக்கு இடம் மாறும், நேரத்துக்கு நேரமும் மாறும். சரி, அதுவரை ஒப்புக்கொள்ளலாம். உடனே பேராசிரியர், "விடை ரெண்டு துண்டோட பெருக்கல்னு வச்சுக்குவோம். ஒரு துண்டுக்கு இடம் மட்டும் தெரியும், இன்னொண்ணுக்கு நேரம் மட்டும் தெரியும்" என்பார். யாரைக் கேட்டு வைத்துக்கொள்வது? விசாரிப்பதற்கு முன்பே திருடன் முகத்தை வரைந்து மாட்டுவதுபோல் இருக்கும் எனக்கு. அதைவிடப் பெரிய சந்தேகம், அந்த முகம் ஒவ்வொரு தடவையும் பொருந்திவிடுவது.

பாகூரிலிருந்து கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போவேன். மணப்பட்டில் என் வகுப்புப் பெண் ஒருத்தி பின்னால் ஏறிக்கொள்வாள். என் வயதில் பாதி. வீட்டில் மீன் வியாபாரம். அரியாங்குப்பத்து நெரிசலில் வண்டி ஊரும்போது என் ஹெல்மெட்டில் தட்டித் தட்டிச் சூத்திரம் ஒப்பிப்பாள். தப்பாகச் சொன்னால் நான் ஹார்ன் அடிப்பேன். முன்னால் போகிறவர்கள் திரும்பித் திரும்பி முறைப்பார்கள்.

இன்டர்னல் தேர்வுக்கு முந்தின நாள் அவள் வீட்டுப் பின்கட்டில் படித்தோம். ஒரு முனையைச் சைபர் டிகிரியில் வைத்து, மறுமுனையை இன்சுலேட் செய்த கம்பி. அந்த மறுமுனையில் என்ன எழுதுவது? அவள் எட்டிப்போய் ஒரு தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்து, என் கையைப் பிடித்து உள்ளே செருகினாள். சங்கரா மீன்களுக்கு நடுவே ஐஸ். விரல் மரத்துப்போனது.

"இதான்கா இன்சுலேஷன். இப்ப இன்னா போடுவ?"

"சைபர்தான்டி."

இருவரும் எழுதிக்கொண்டோம். அந்தப் படிப்பிலேயே நான் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

விடைத்தாள் கொடுக்கும் நாளில் எங்கள் இருவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சரியான விடை ரெண்டு பேருக்கு ஒண்ணா வரலாம். தப்பு எப்படிம்மா ஒண்ணா வரும்? வரிக்கு வரி? யார் யாரைப் பாத்து எழுதுனீங்க?"

தேர்வில் அவள் எனக்கு நேர் பின்பெஞ்சு. காப்பி என்று துறைக்கு எழுதிவிட்டால் செமஸ்டர் எழுத விடமாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும். இன்னொரு வருடம் என்று வீட்டில் போய்ச் சொல்ல அவளுக்கும் வாயில்லை, எனக்கும் வாயில்லை.

முதலில் அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே குரல் தாழ்ந்தது. தாழ்ந்த குரல் எப்போதும் நம்மைப் பற்றியே பேசுகிறது. சின்னப் பெண், பயந்திருப்பாள், 'அக்காதான் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்பெஞ்சில் இருந்தவள் அவள்தானே, ஒருவேளை உண்மையிலேயே என் தாளைப் பார்த்திருப்பாளோ? அந்த நினைப்பின் சூடு காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. அதற்கு எந்தச் சமன்பாடும் வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்து நான் உள்ளே போனேன்.

"கம்பியை வரைங்க" என்றார் பேராசிரியர். வரைந்தேன். "இந்த முனையில ஏன் சைபர்?"

"ஐஸ் சார். மீன் பெட்டி."

அவர் இன்னொரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். அவள் வரைந்தது. கம்பியின் முனையில் ஒரு பெட்டி, மூடி, வெளியே நீட்டிக்கொண்டு ஒரு மீன் வால்.

"ஏம்மா, மத்தியானச் சாப்பாடு எதுல எடுத்துட்டு வரீங்க?"

"ஹாட்பாக்ஸ், சார்."

"அதுவும் இன்சுலேஷன்தானே? சோறு ஜில்லுனா இருக்கு?"

நான் வரைந்த கம்பியைக் குனிந்து பார்த்தேன்.

"பெட்டி எதையும் குளிர வைக்காது, சுடவும் வைக்காது. சூடு அந்தப் பக்கம் தாண்டாது, அவ்வளவுதான். சைபர் ஆகறது அந்த முனையில சூடு ஏறி இறங்குற சரிவு, சூடு இல்ல." இரண்டு தாளிலும் அந்தக் கணக்கைக் குறுக்கே அடித்தார். மதிப்பெண் இல்லை. "காப்பினு எழுதல. போய் செமஸ்டருக்குப் படிங்க." சிரித்தாரா, இருமினாரா, இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

திரும்பும்போது அவள் என் தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்திருந்தாள். நகரம் தாண்டும்வரை சூத்திரமும் இல்லை, ஹார்னும் இல்லை. பாலத்தின் மேல்தான் வாய் திறந்தாள்.

"நீ என்னப் போட்டுக் குடுத்துட்டு வருவேன்னு நெனச்சன்கா."

"நானுந்தான்டி."

"ஆமா, நீ யாரத்தான் நம்புன?" பிறகு ஹெல்மெட்டில் ஒரு தட்டு, பலமாக. "யக்கா, வண்டிய ஓரங்கட்டு."

"இன்னா இப்ப?"

"அந்த அலைக் கணக்கு, அடுத்த இன்டர்னல்ல எழுதுனமே, சார் இன்னும் திருத்தல. அதயும் எங்க வூட்லதான படிச்சோம்?"

நான் பிரேக் பிடித்தேன்.