அக்கா எழுதிய பதினொரு அமெரிக்கக் குடும்பங்கள்

அக்கா எழுதிய புத்தகத்தை நான் என் பெயரில் வெளியிட்டேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களாகிய உங்களில் பலர் அந்தப் புத்தகத்துக்காக என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். நான் பாடம் நடத்திய கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் வேறு எதையும் எழுதுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா பிறந்தது லால்குடியில். வளர்ந்தது பொன்மலை ரயில்வே குடியிருப்பில். அப்பா பணிமனையில் ஃபிட்டர். அவர் காலமானபோது அக்காவுக்கு வயது பத்தொன்பது, எனக்குப் பதின்மூன்று. அக்கா கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுத் தபால் நிலையத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தார். வந்த வரன்களையெல்லாம் தம்பி படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். என் படிப்பு முடிந்தபோது வரன்கள் வருவது நின்றிருந்தது.

பிறகு திருவானைக்காவலில் ஒரு சிறு வீட்டில் கடைசிவரை தனியே இருந்தார். எழுதத் தொடங்கியது அங்கேதான். சென்னையில் இருந்த ஒரு நூலகம் அப்போது அமெரிக்கர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தபாலில் இரவல் அனுப்பிவந்தது. ஜனாதிபதிகள், நீதிபதிகள், கண்டுபிடிப்பாளர்கள் என்று அக்கா ஒன்றுவிடாமல் படித்தார். ஆனால் அவருக்கு ஆசை அவர்களுடைய வீட்டைப் பற்றி அறிவதில்தான்.

"பெரிய மனுஷன் ஆனவனைப் பத்தி ஊரே எழுதிருச்சு. வீட்டுல மிச்சம் இருந்தவங்க என்ன ஆனாங்கன்னு யாராவது சொன்னாங்களா?" என்பார்.

அந்தப் புத்தகங்கள் ஒருவரைச் சகோதரர் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அண்ணனா தம்பியா என்று தெரியாமல் அக்கா அந்த வரியை எழுதமாட்டார். தாய்மாமனா சித்தப்பாவா என்பதற்கும் அப்படியே. தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டுவிட்டு, அந்தப் பெரிய மனிதர் பிறந்த ஊரின் நூலகத்துக்குக் கடிதம் எழுதுவார். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்துப் பதில் வரும். முகமறியாத யாரோ ஒரு நூலகர் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து எழுதியிருப்பார்.

"நம்ம ஊர்ல பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான்க்கா" என்று கேலி செய்தேன்.

"அவன் ஒழுங்கா விசாரிச்சிருந்தா பாதிப் பொண்ணுங்க பொழைச்சிருப்பாங்கடா" என்றார்.

பதினொரு குடும்பங்கள் முடிந்தன. நாலைந்து கோடுகளுக்கு மட்டும் பதில் வர வேண்டியிருந்தது. பிழை பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிக் கைப்பிரதியை வாங்கிக்கொண்டு, தெப்பக்குளம் பக்கம் இருந்த ஒரு பதிப்பாளரிடம் போனேன்.

"சரக்கு அருமையா இருக்கு சார். ஆனா தபாலாபீஸ் அம்மா பேர்ல போட்டா எந்த ஸ்கூல்ல வாங்குவாங்க? காலேஜ் வாத்தியார்னு உங்க பேர் இருக்கட்டும். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள கொண்டாந்துடலாம்" என்றார் அவர்.

நான் மறுக்கவில்லை. அக்காவிடம் கேட்கவும் இல்லை. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. என் பெயருக்குப் பொருந்த வேண்டும் என்று பல இடங்களில் அக்காவின் வாக்கியங்களை மாற்றினேன். கோடுகளை ஊகத்தால் நிரப்பினேன். கைப்பிரதியை அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கவில்லை.

புத்தகத்தை எடுத்துப்போன அன்று அக்கா அட்டையைப் பார்த்தார். நேராக ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டினார். ஒரு நீதிபதியின் படிப்புக்காகத் தன் பங்கு நிலத்தை விட்டுக்கொடுத்த சகோதரரைப் பற்றியது அது. நான் அவரை அண்ணன் ஆக்கியிருந்தேன். அக்கா எழுந்து போய் அதற்கு முந்தின வாரம் வந்திருந்த கடிதத்தை எடுத்து வந்து என் முன் வைத்தார்.

"அவன் அண்ணன் இல்லடா. நாலு வயசு சின்னவன்."

"மூத்தவங்கதானே விட்டுக்கொடுப்பாங்கன்னு நெனச்சேன்க்கா."

"தம்பின்னா விட்டுக்கொடுக்க மாட்டான்னு நீயே முடிவு பண்ணிட்ட." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கொஞ்ச நாள் காத்திருக்க முடியலையா உனக்கு?"

அதற்குப் பிறகு அக்கா எதையும் எழுதவில்லை. நாற்பது வருடங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனேன். "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்பார். அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

என் மனைவி காலமானபின் காட்டூர் வீட்டில் நான் ஒருவனே ஆனேன். ஒரு நாள் முழுக்க யாரும் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அக்கா அப்படி எத்தனை நாட்கள் இருந்திருப்பார் என்று எண்ணினேன். புத்தகத்தை மறுபடி தட்டச்சு செய்யவைத்து, முதல் பக்கத்தில் அக்காவின் பெயரைப் போட்டு எடுத்துப்போனேன். அதற்குள் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. தாள்களைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு எங்கடா தெரியுது? நீ படி."

இரண்டு பஸ் மாறித் தினமும் போனேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். திடீரென்று கையை உயர்த்துவார்.

"நிறுத்து. 'வறுமையின் கோரப்பிடி'யா? அவங்க அம்மா நாலு வீட்டுத் துணி துவைச்சாங்கன்னு எழுதியிருந்தேன். அதை எங்க தொலைச்ச?"

அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதுவேன். இன்னொரு நாள், "'ஈடு இணையற்ற'ன்னு நான் என்னைக்குடா எழுதினேன்? மேடையில மாலை போடறப்ப பேசற பேச்சு" என்றார். அக்காவுக்குக் கண் மருந்து விட வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

ஐந்தாம் அத்தியாயத்தில் அண்ணனைத் தம்பியாகத் திருத்திய அன்று, "என்னை மன்னிச்சுட்டியாக்கா?" என்று கேட்டேன்.

"அடுத்த பாராவைப் படி" என்றார்.

ஏழு அத்தியாயங்கள் முடிந்தன. எட்டாவதை மறுநாள் வைத்துக்கொள்வோம் என்று சொல்லி என்னை அனுப்பினார். மறுநாள் காலை பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது.

மூன்று வருடங்கள் வேளை தவறாமல் அக்காவுக்குக் கண் மருந்து விட்ட அந்த அம்மாவுக்கும், இறுதிக் காரியங்களில் என் பக்கத்தில் நின்ற உறவினர்களுக்கும், ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் அக்காவை மறக்காமல் வந்த தபால் நிலைய நண்பர்களுக்கும் என் வணக்கம். நான் செய்திருக்க வேண்டியவற்றை நீங்கள் செய்தீர்கள்.

அக்கா திருத்திய ஏழு அத்தியாயங்கள் அவர் பெயரில் புத்தகமாகி இம்மலருடன் உங்கள் கையில் இருக்கின்றன. மீதி நான்கை அச்சுக்குத் தரவில்லை. தினமும் எடுத்து உரக்கப் படிக்கிறேன். சில வரிகள் என்னுடையவை என்று தோன்றுகிறது. அடிக்கப் போனால், அது அக்காவினுடையதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பேனா நின்றுவிடுகிறது. நிறுத்து என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.