சொண்டு வைத்த குமிழ்கள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கையுடையது. பாதிக் காலம் இந்தியாவில் அகதி முகாமில், மீதிக் காலம் எங்கள் ஊர் பள்ளிமுனையில். ஒருவரும் என் சொல்லைத் தட்டி வளரவில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போவதில் எனக்கு விளங்காதது நிறைய இருக்கிறது. அதை வைத்து யாரும் என்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

நான் இருப்பது மூன்றாவது மகன் வீட்டில். அவன் கடலுக்குப் போகிறவன். கடலுக்குப் போகாத நேரமெல்லாம் கீபோட் வாசித்தவன். மீசை முளைக்க முந்தியே ஞாயிறு பூசைக்கு அவன்தான் வாசிப்பு. பாட்டுக்குழுவில் யாருக்காவது சுருதி இறங்கினால், வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பான். சுவாமியின் பிரசங்கத்துக்குப் பயப்படாத பிள்ளைகள் அந்தப் பார்வைக்குப் பயந்தார்கள். இது நடக்க முந்தின வருடம் கடலில் நங்கூரக் கயிறு வலது கையில் சுற்றி இழுத்துவிட்டது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன.

காயம் ஆறியது. ஆறியதும் அவன் செய்த முதல் வேலை, கீபோட்டைப் படுக்கை விரிப்பால் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றியது. கடலுக்குத் திரும்பவும் போகத் தொடங்கினான். பாட்டுக்கு மட்டும் திரும்பவில்லை. கோயிலில் கடைசி வாங்கில் இருப்பான், பாட்டு எடுத்தால் எழும்பி வெளியே போய் நிற்பான். வீட்டில் றேடியோ போட்டாலும் நிறுத்தச் சொல்லுவான். அந்தக் கை எப்போதும் சாரத்து மடிப்புக்குள். பெற்றவள் நான் என்ன செய்ய? சோற்றைக் குழைத்து வைப்பேன், வேறென்ன.

அவனுடைய மகள், என் பேத்தி, தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சார வேலை படித்தவள். ஒரு நாள் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து குந்தினாள்.

“அப்பாச்சி, அப்பாக்கு ஒரு சாமான் செய்யிறன். ஆனா அவருக்கெண்டு சொன்னா தொடமாட்டார். உங்களுக்கெண்டு சொல்லுவம்.”

“எனக்கு என்னத்துக்கடி?”

“பாட்டு வாசிக்க.”

“ஆர், நானோ?”

“சும்மா ஓம் எண்டு சொல்லுங்கோவன்.”

ஓம் என்றேன். அன்றைக்குப் பிடித்த குழப்பம் இன்னும் விடவில்லை.

அது ஒரு பலகைப் பெட்டி. முகத்தில் அலுமினியத் தகடு. தகட்டில் வரிசையாக எட்டுத் தண்டுகள் ஆணி போல நீட்டிக்கொண்டிருந்தன. கீழே ஓட்டை ஓட்டையாக. நிற நிறமான வயர்களை ஓர் ஓட்டையில் பிடுங்கி இன்னோர் ஓட்டையில் குத்துவாள். கட்டை இல்லை, தந்தி இல்லை, ஊதுகிற வாயும் இல்லை. பெயர் சீக்குவென்சர் என்றாள். நான் அந்தப் பெயரைச் சொல்லப் போய் இரண்டு முறை எச்சில் தெறித்ததால் பெட்டி என்றே சொல்லுகிறேன்.

“இதில ஆர் வாசிக்கிறது?” என்று கேட்டேன்.

“அதுவே வாசிக்கும். நாங்கள் முதலே சொல்லி வைக்கோணும். ஒரு தண்டுக்கு ஒரு சுரம். எவ்வளவு திருப்புறமோ அவ்வளவுக்குச் சத்தம் ஏறும். இந்த வெளிச்சம் ஒண்டொண்டாய்ப் போய் அந்தந்தச் சுரத்தைக் கூப்பிடும். அவசரமாய் விரல் ஓட்டத் தேவையில்லை. ஆறுதலாய்த் திருப்பி வைச்சால் காணும்.”

எட்டுச் சின்னச் சிவப்பு வெளிச்சங்கள். ஒன்று அணைய அடுத்தது பற்றும். எட்டாவது முடிந்தால் திரும்ப முதலாவது. கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதா சுரூபத்தை எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோவோமே, அது போல என்று நினைத்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும், அந்த வீட்டுச் சனம் தங்கள் குரலில் பாடும், சுரூபம் அடுத்த வீட்டுக்குப் போகும். பேத்தியிடம் சொன்னேன். “அதேதான் அப்பாச்சி” என்றாள். ஆனால் சுரூபத்தைத் தூக்குகிறவர் யாரென்று எனக்குத் தெரியும். இந்த வெளிச்சத்தை யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் தலைக்கு மேலால் போய்விட்டது.

பிறகு கொழும்பிலிருந்து குமிழ்கள் வந்தன. தண்டின் தலையில் மாட்டித் திருப்புகிற குமிழ்கள், பழைய றேடியோவில் இருக்குமே, அவைதான். வகைக்கு ஒன்றாக மேசையில் பரப்பினாள். “உங்கட சாமான், நீங்கள்தான் தெரிஞ்செடுக்கோணும்” என்றாள்.

தெரிந்தெடுப்பதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. மூன்று மருமகள்மாரைத் தெரிந்தெடுத்தவள் நான். வெள்ளி போல மினுங்கிய ஒன்றை உடனே எடுத்தேன். தோட்டுக்குப் போடலாம் போல வடிவு.

“இதுதான்.”

“திருப்பிப் பாருங்கோ.”

திருப்பினேன். நன்றாகத் திரும்பியது.

“இப்ப இந்த ரெண்டு விரலையும் மடக்கிக்கொண்டு திருப்புங்கோ.”

“ஏனடி மடக்க? கடவுள் தந்த விரல் இருக்குத்தானே?”

 என் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் பிடித்து மெல்ல மடக்கினாள். அப்போதுதான் விளங்கியது. 

மடக்கிக்கொண்டு திருப்பினால் மினுங்கல் வழுக்கியது. றப்பர் குமிழ் வழுக்கவில்லை, ஆனால் குள்ளம், மோதிர விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. தடித்த கறுப்பு ஒன்று நல்ல பிடி. ஆனால் எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றைத் திருப்ப அடுத்ததும் சேர்ந்து திரும்பியது. கடைசியாக ஒன்று கிடந்தது, பார்க்கக் கோழித் தலை மாதிரி, ஒரு பக்கம் சொண்டு நீட்டிக்கொண்டு. அவலட்சணம். தொட்டுப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மகன் உள்ளே வந்தான். இடது கையில் தேத்தண்ணிக் கோப்பை.

“என்னம்மா, கச்சேரி எப்ப? மண்டபம் பிடிச்சாச்சோ?”

“பிடிச்சாச்சு. உனக்கு முன் கதிரை போடச் சொல்லியிருக்கிறன்.”

“எனக்கு வேண்டாம். பின்னுக்கு நிண்டு கைதட்டுறன்” என்றவன் வாயை மூடிக்கொண்டான். கை தட்டுகிற பேச்சு அவனுக்கே சுட்டிருக்க வேண்டும். கோப்பையோடு வெளியே போய்விட்டான்.

பேத்தி தலையைக் குனிந்துகொண்டு குமிழ்களைப் பையில் அள்ளத் தொடங்கினாள். “விடுங்கோ அப்பாச்சி, தொடமாட்டார்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோழித் தலையை எடுத்துத் தண்டில் குத்தினேன். விரலால் பிடிக்கவே இல்லை. பெருவிரலின் பக்கத்தால் சொண்டில் ஒரு தட்டுத் தட்டினேன். திரும்பியது. மற்றப் பக்கத்தால் தட்டினேன். திரும்பி வந்தது. என் முட்டிகள் வீங்கிய கைக்கே அது இணங்கியது.

“எட்டும் இதுதான் போடு” என்றேன்.

“வடிவில்லையெண்டியள்?”

“என்ர சாமான். நான் சொல்லுறன்.”

எட்டையும் போட்டாள். இரண்டு நாள் இருந்து, திருப்பித் திருப்பி ஒரு பாட்டின் அடியை அதில் வைத்தாள். சொண்டுகள் எட்டும் எட்டுத் திசை பார்த்தன. குருணி எறிந்த முற்றத்துக் கோழிகள் போல ஒழுங்கே இல்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுத்தது.

ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்தாள், பெட்டி மேசையில் தன்பாட்டில் பாடிக்கொண்டிருந்தது. நான் மேசை துடைக்கப் போனேன். துடைக்கிறபோது ஒரு சொண்டை நேராக்கினேன். பிறகு அடுத்ததை. எட்டும் கூரையைப் பார்க்க வரிசையாக நின்றபோது, அப்பாடா, இப்போதுதான் ஒரு வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

ஆனால் பாட்டைக் காணவில்லை. ஒரே சத்தம். டொக், டொக், டொக் என்று விடாமல். பாட்டு எங்கே போனது? நான் ஒன்றையும் கழற்றவில்லை, உடைக்கவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை. துணியால் மூடினேன், துணிக்குள்ளாலும் டொக் டொக்.

வெளியே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மகன் எழும்பி வந்தான்.

“என்னம்மா இது, பல்லி விடாமச் சொல்லுற மாதிரி?”

“நான் ஒண்டும் செய்யேல்லை. நேராக்கினனான்.”

“எதை?”

“சொண்டை.”

துணியை இழுத்தான். பெட்டியைப் பார்த்தான். நிறுத்தத்தான் தேடினான் என்று நினைக்கிறேன். அவனுக்கும் நிறுத்துகிற ஆளி எதுவென்று தெரியவில்லை. இடது கையில் வலைத் தடி இருந்ததால் வலது கை மடிப்புக்குள்ளிருந்து வந்தது. மூன்றாவது சொண்டில் பெருவிரலால் எரிச்சலோடு ஒரு தட்டு.

சத்தம் ஏறியது. டொக், டொக், டிங், டொக்.

அவன் கை அந்தரத்தில் நின்றது. வெளிச்சம் சுற்றி வரும்வரை காத்திருந்தான். திரும்பவும் தட்டினான், கொஞ்சம் மட்டும். பிறகு நான்காவது. பிறகு முதலாவது. வலைத் தடியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்தான்.  அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. பிடிக்கட்டும் என்று நின்றேன்.

போகப் போக அது தவக்காலத்தில் நாங்கள் பாடுகிற ஒரு பாட்டின் முதலடி போல வந்தது. பேத்தி கடைப் பையோடு வாசலில் வந்து நின்றாள், செருப்பைக் கழற்ற மறந்துபோய். அவன் நிமிரவில்லை.

“ஆறாவது கொஞ்சம் இறங்கி நிக்குது” என்றான். கோயிலில் பார்த்த அதே பார்வை, இந்த முறை பெட்டியைப் பார்த்து. “இந்தக் கோழித் தலையளைத் தெரிஞ்செடுத்தது ஆர்?”

“நான்தான்” என்றேன்.

“அவலட்சணமாயிருக்கு.”

“ஓம். எனக்கும் பிடிக்கேல்லை.”

அவன் சிரித்தான். கையை மடிப்புக்குள் வைக்க மறந்திருந்தான்.

“அம்மா, இதை ரெண்டு நாளைக்குத் தாங்கோ.”

“கவனமாய் வைச்சிரு. என்ர சாமான்.”

அது நடந்து கன நாளாகிவிட்டது. பெட்டி இன்னும் அவன் கட்டிலடியில்தான். இரவலாகத்தான் கொடுத்தேன், திரும்பக் கேட்கவில்லை. கீபோட் அலுமாரிக்கு மேலேயே இருக்கிறது, கோயிலில் பாட்டு எடுத்தால் இன்னும் வெளியே போகிறான். ஆனால் வீட்டில் பாட்டு இருக்கிறது. எனக்கு விளங்காதது இதுதான். அவன் சொண்டுகளைத் திருப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான், பாட்டு வரும். அப்போது வாசிக்கிறது அவனா, வெளிச்சமா? பெட்டியை அணைத்தால் பாட்டு எங்கே இருக்கிறது? சொண்டுகள் பார்க்கிற திசையில் இருக்கிறது என்கிறாள் பேத்தி. ஒரு திசையில் எப்படியடி பாட்டு இருக்கும் என்றால், நீங்கள் நேராக்கினபோது போனதே அப்பாச்சி என்கிறாள். அது உண்மை. உண்மை என்றாலும் விளங்கவில்லை. இப்போது அந்தப் பக்கம் துடைக்கப் போகிறபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறேன்.

எழுதியது சரியோ தெரியாது. இந்தா பிள்ளை, கண்ணாடியை நான் கழற்றிவிட்டேன், இதை ஒருக்கால் வாசித்துக் காட்டு. உன் அப்பா வெளியே வலையோடு இருக்கிறான், விரல் போன இடத்தை மெல்ல வாசி. குமிழைத் தெரிந்தெடுத்தது நான் என்கிற இடம் வரும், அதை அவனுக்குக் கேட்க வாசி.