இரண்டரை கிராம்

மருந்துக்கடை அம்மா வில்வித்தைக்குப் போனது தோள்பட்டை வலிக்காக. "கைக்கு ஏதாவது பயிற்சி கொடுங்க" என்றார் டாக்டர். துணி காயப்போடுவதை மனதில் வைத்துத்தான் சொன்னார். அம்மா நேரே மைதானத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டார்.

ஏழு மாதமாகியும் ஒரு விஷயம் பிடிபடவில்லை. ஆறு அம்பு விட்டால் நாலு பக்கத்தில் பக்கத்தில் குத்தும். மற்ற இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டே மேலேறி, இலக்குப் பலகையைத் தாண்டிப் பின்சுவரில் முட்டும்.

"கை நடுங்குதும்மா" என்றார் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்.

"நாலுக்கு நடுங்காத கை ரெண்டுக்கு மட்டும் எப்படி மாஸ்டர் நடுங்கும்?"

மாஸ்டர் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அம்மா அம்புகளை மருந்துத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். நாலும் ஒரே எடை. இரண்டு மட்டும் இரண்டரை கிராம் குறைவு. பிறகு ஒவ்வொன்றையும் விரல்மேல் கிடத்தி, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்த்தார். நாலும் நடுவிலிருந்து முனைப்பக்கமாக மூன்று விரற்கடை தள்ளி நின்றன. அந்த இரண்டும் நட்டநடுவில் நின்றன. முன்னால் கனமில்லாவிட்டால் அம்பை வால்தான் இழுத்துக்கொண்டு போகும் என்பது அம்மாவுக்கு விளங்கியது.

சாப்பாடு கொண்டுவந்த கணவர் தராசைப் பார்த்தார். அவர் பஸ் டிரைவர். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"இந்த ரெண்டோட முனையை யார் மாத்தினது?" என்று கேட்டார் அம்மா.

"நான்தான். கழண்டு கிடந்துச்சு, புதுசு வாங்கி மாட்டினேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மாட்டிட்டேனே, அப்புறம் என்ன சொல்றது? லேசா இருந்தா தூரம் போகும்னு கடைக்காரர் சொன்னார்."

"போச்சுங்க. சுவர் வரைக்கும் போச்சு."

அம்மா ஆறுக்கும் ஒரே எடையில், பழையதைவிடக் கனமான முனை மாட்டினார். சனிக்கிழமை காலை ஆறு அம்பும் ஆடாமல் அசையாமல் போய், பலகைக்குக் கீழே, அதைத் தாங்கும் முக்காலியின் ஒரே காலில் குத்தின.

மாஸ்டர் கிட்டப் போய் முக்காலியைக் குனிந்து பார்த்தார். "எல்லாம் தப்பும்மா" என்றார்.

"எல்லாம் ஒரே தப்பு மாஸ்டர்" என்றார் அம்மா. முகமெல்லாம் பூரிப்பு. கனம் கூடினால் அம்பு சீக்கிரம் தாழும். அதற்கு வில்லைச் சற்று ஏற்றிப் பிடித்தால் போதும். ஏற்றிப் பிடித்தார். அடுத்த ஆறும் பலகையில் ஏறின.

மாதக் கடைசியில் நடந்த போட்டியில் பதினான்கு பேரில் அம்மாவுக்கு ஒன்பதாவது இடம். பார்க்க வந்திருந்த கணவர், பக்கத்து நாற்காலிக்காரரிடம், "அம்பு ரிப்பேரெல்லாம் ஆரம்பத்துல நான்தான் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மறுக்கவில்லை. நடந்தது அதுதானே.